கூரை மோல்டிங் மீண்டும் பெயர்ந்தது: நிறுவனம் செய்து கொடுத்த பழுதுநீக்கமே தோற்றால் அடுத்து என்ன வழி?

அவிநாசிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் பதினோரு லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு சிறிய எஸ்யூவி வாங்கினேன். எஞ்சின், கியர், பிரேக் எதிலும் இன்றுவரை குறை சொல்ல முடியாது. தொல்லை முழுவதும் வண்டியின் வெளிப்புறத்தில்தான். கூரையின் இரு ஓரங்களிலும் முன்கண்ணாடியிலிருந்து டிக்கிவரை நீளமாக ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை உண்டல்லவா, சர்வீஸ் சென்டரில் ரூஃப் மோல்டிங் என்பார்களே, அதன் முன்முனை ஓட்டுநர் பக்கத்தில் மெல்ல மேலெழும்பத் தொடங்கியது. வேகம் கூடினால் கூரையில் யாரோ விரலால் தட்டுவது போன்ற சத்தம் வரும்.

நான் புகார் செய்யப் போவதற்கு முன்பே நிறுவனத்திடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இந்த மாடலுக்குச் சர்வீஸ் கேம்பெய்ன் ஒன்று நடப்பதாகவும், கூரைப் பட்டைகளை இலவசமாகச் சரிசெய்து தருவதாகவும் கூறினார்கள். அரை நாள் வண்டியை வைத்திருந்து, பழைய பட்டையையே புதிய இரட்டைப்பக்க டேப் வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். மழைக்காலம் முழுவதும் நன்றாகவே இருந்தது. கோடை தொடங்கியதும் அதே முனை மறுபடியும் எழும்பியது. திரும்பவும் கொண்டுபோய்க் காட்டியபோது கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சென்ற மாதம் சேலம் செல்லும் வழியில், விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பட்டை முழுவதுமாகப் பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது. பின்னால் வந்த இருசக்கர வாகன ஓட்டி இடப்பக்கம் ஒடித்துத் தப்பினார். அவர் வண்டியை நிறுத்தி என்னைத் திட்டியது முழுக்க நியாயம். நான் மன்னிப்புக் கேட்டேன். பட்டையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது சர்வீஸ் சென்டர் சொல்வது இதுதான்: வாரண்டி முடிந்துவிட்டது, இது தோற்றத்துக்கான உதிரிபாகம், பாதுகாப்போடு தொடர்புடையது அன்று, கேம்பெய்ன் வேலை முடிந்துவிட்டதாகக் கணினியில் பதிவாகியிருப்பதால் அதை மீண்டும் திறக்க இயலாது, புதிய பட்டையும் கூலியும் நான்தான் கொடுக்க வேண்டும். பணம் பெரிய தொகையில்லை. ஆனால் தாங்களே குறை இருப்பதாக ஒப்புக்கொண்டு அழைத்துச் செய்த வேலை நிற்கவில்லை என்றால், அந்த வேலையை எப்படி முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியும்? சர்வீஸ் கேம்பெய்ன் என்பதும், பாதுகாப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் என்பதும் ஒன்றா? இதை யாரிடம், எந்த வகையில் எடுத்துச் செல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். பேச்சுவார்த்தை முடியாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, கேட்க வேண்டாம்.

ஊர்சுற்றி எழுதியது:

ஐயா, உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்பது தேவைதானா? என் வண்டியில் சக்கர வளைவின் மேலுள்ள கிளாடிங் கழன்றபோது, உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடையில் ஒன்றை வாங்கி, ஃபெவிக்விக் நான்கு சொட்டு விட்டு ஒட்டினேன். அன்றே முடிந்தது கதை. பட்டை இல்லாமலே ஓட்டினாலும் வண்டி ஓடத்தான் செய்யும்.

பட்டறை மேசை எழுதியது:

மேலே நண்பர் சொன்ன யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வகைப் பசை காய்ந்ததும் கண்ணாடிபோல விறைத்துவிடும். அதிர்வையும் வெப்பத்தில் ஏற்படும் நீட்சியையும் தாங்காது. தவிர, அது பெயின்ட் மேல் பட்டால் பின்னால் பட்டையை எடுக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். கிளாடிங் தாழ்வான இடத்தில் நாலைந்து கிளிப்பின் பிடியிலும் இருப்பதால் அவருக்குத் தப்பியது. கூரையின் முன்முனை காற்று நேராக மோதும் இடம். அங்கே சிறிய இடைவெளி கிடைத்தாலும் காற்று உள்ளே புகுந்து, பட்டையை அடியிலிருந்து நெம்பிக்கொண்டே இருக்கும்.

நான் டிங்கரிங், பெயின்டிங் வேலையில் பல வருடம் இருந்து, இப்போது விபத்து வண்டிகளுக்கு எஸ்டிமேட் போடும் வேலையில் இருக்கிறேன். அவிநாசிவாசி அவர்களே, பெயர்ந்த பட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தது மிக நல்ல காரியம். பாதிச் சாட்சியம் அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதைக் கழுவவோ துடைக்கவோ செய்யாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். டேப் எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

டேப் முழுவதும் பட்டையோடு வந்து, கூரைப் பள்ளம் சுத்தமாக இருந்தால், உலோகப் பக்கத்தில் தூசியோ மெழுகோ சிலிக்கான் பாலிஷோ இருந்திருக்கிறது. சரியாகத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். டேப் கூரையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, பட்டையின் அடிப்பக்கம் மட்டும் வழவழவென்று சுத்தமாக இருந்தால், பிளாஸ்டிக் பக்கத்தில் பிரைமர், அதாவது பசை பிடிப்பதற்கான அடிப்பூச்சு, பூசவில்லை, அல்லது பூசியது காய்வதற்குள் டேப்பை வைத்திருக்கிறார்கள். டேப்பின் நடுவிலுள்ள நுரை இரண்டாகக் கிழிந்து இரு பக்கமும் பாதிப் பாதியாக இருந்தால், ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, தாங்க முடியாத இழுவை வந்திருக்கிறது. அப்போது குறை வடிவமைப்பிலோ கிளிப்பிலோ இருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் யார் தவறு என்பதில் பாதி தெளிந்துவிடும்.

பிரைமர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இத்தகைய பட்டைகளில் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளில் சில, குறிப்பாகப் பாலிபுரொப்பிலீன் வகை, எளிதில் எந்தப் பசையையும் பிடிக்க விடாது. மெல்லிய பிரைமர் ஒன்றைத் தடவி, அது ஆவியான பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். ஒட்டிய உடனே முழுப் பிடிமானம் வந்துவிடாது. அக்ரிலிக் நுரை டேப் சாதாரண அறை வெப்பத்தில் முழு வலுவை எட்ட ஏறக்குறைய 72 மணி நேரம் ஆகும். ஆனால் பெரும்பாலான இடங்களில் காலையில் ஒட்டிய வண்டியை மாலையில் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித்தான் ஒப்படைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு வண்டி பளிச்சென்று இருந்தால் மகிழ்ச்சி. டேப்புக்கு அது எமன்.

வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை 40 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள எஃகு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறி தினமும் நடக்கிறது. மழைக்காலத்தில் நின்ற ஒட்டு கோடையில் விட்டுப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முனையில் உள்ள கிளிப்பையும், கூரைப் பள்ளத்தில் துரு ஏதாவது தெரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவிநாசிவாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். கூரைப் பள்ளத்தில் டேப் கறுப்பாக, ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது. பட்டையின் அடிப்பக்கத்தில் பசையின் சுவடே இல்லை, புதிய பொருள்போலப் பளபளக்கிறது. முன்முனைக்கான கிளிப் பட்டையிலும் இல்லை, கூரையிலும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் புழுதி படிந்திருப்பதைப் பார்த்தால், வெகுநாளாகவே இல்லாமல் இருந்திருக்கும் போலும். அடுத்த கிளிப்பின் ஒரு காது வெளுத்து, முறிந்திருக்கிறது. துரு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் கிளிப் உராய்ந்த இடத்தில் பெயின்ட் சிராய்த்திருக்கிறது.

வேறொன்றும் கண்டேன். கேம்பெய்னுக்குப் பிறகு திரும்பக் கொண்டுபோய்க் காட்டிய நாளின் ஜாப் கார்டை, அதாவது சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டை, எடுத்துப் பார்த்தபோது, அதில் “ரூஃப் நாய்ஸ் – செக்டு, ஓகே” என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பட்டை எழும்புகிறது என்று நான் சொன்னதற்கு அதில் இடமே இல்லை.

பட்டறை மேசை எழுதியது:

அப்படியானால் ஐயமில்லை, பிளாஸ்டிக் பக்கத்து ஒட்டுத்தான் தோற்றிருக்கிறது. பழைய பட்டையைத் திரும்பப் பயன்படுத்தும்போது பழைய பசையைக் கரைப்பான் போட்டுத் துடைத்திருப்பார்கள், பிரைமர் பாட்டிலைத் திறந்திருக்க மாட்டார்கள். கிளிப் ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டிய பொருள். பழையதையே திருப்பிக் குத்தினால் காது வெளுத்துப் போகும். பட்டை, டேப், கிளிப் இருந்த இடம் ஆகியவற்றை ஒரு அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் மிஞ்சியிருக்கும் டேப்பை இப்போதைக்குச் சுரண்ட வேண்டாம். வலப்பக்கம் போனால் இடப்பக்கமும் அதே கையால் ஒட்டியதுதான் என்பதால், அதன் முனையை நாளைக்கே சோதித்துப் பாருங்கள்.

டிட்ராய்ட் ஓரம் எழுதியது:

இந்தத் திரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் மிச்சிகனில் வசிக்கிறேன். வாகன உதிரிபாகத் துறையில் தரக்கட்டுப்பாட்டுப் பணி. அவிநாசிவாசி அவர்களுக்கு நேர்ந்தது அமெரிக்காவிலும் அப்படியே நடந்திருக்கிறது, அரசு ஆவணங்களிலும் பதிவாகியிருக்கிறது. அவற்றைத் தெரிந்துகொண்டால், “இது தோற்றத்துக்கான பாகம்” என்ற பதிலுக்கு என்ன மறுமொழி சொல்வது என்பது விளங்கும்.

மிகவும் நெருங்கிய உதாரணம் டெஸ்லாவின் மாடல் எக்ஸ். 2016 மாடல் ஆண்டு வண்டிகளில் முன்கண்ணாடி கூரையோடு சேரும் இடத்திலும், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவுகளுக்கு நடுவிலும் அலங்காரப் பட்டைகள் உண்டு. அவை பிரைமர் இல்லாமலே ஒட்டப்பட்டிருக்கக்கூடும் என்று கூறி, 2020-ஆம் ஆண்டு நவம்பரில் 9,100-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பட்டையின் பிடிமானத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் ஒட்டித் தருவதுதான் தீர்வு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில், அதே வண்டிகளை அதே பட்டைகளுக்காக மறுபடியும் அழைத்தார்கள். முதல் அழைப்பில் சரிசெய்யப்பட்ட வண்டிகளும் புதிய தீர்வைப் பெற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஒருமுறை செய்து முடித்ததாகப் பதிவான வேலை அத்தோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அதே நிறுவனத்தின் சைபர்டிரக்கிலும் ஒட்டுப் பிரச்சினை தொடர்ந்து வந்திருக்கிறது. 2024 ஜூனில் சரக்குத் தட்டின் ஓரத்திலுள்ள பட்டைக்காக 11,383 வண்டிகள் அழைக்கப்பட்டன. 2025 மார்ச்சில் கூரையோரத்துத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு கழன்று விழக்கூடும் என்று 46,096 வண்டிகள் அழைக்கப்பட்டன. அங்கே பயன்படுத்திய பசை சூழலின் தாக்கத்தால் நொறுங்கும் தன்மை அடைவதாகச் சொல்லப்பட்டது. இந்த இரண்டாவது அழைப்பின் தீர்வைத்தான் கவனிக்க வேண்டும். வேறு பசை கொடுத்ததோடு நிறுத்தவில்லை. தகட்டில் ஒரு திருகாணித் தண்டைப் பற்றவைத்து, நட்டுப் போட்டு வண்டியின் சட்டத்தோடு இறுக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டப்படும் விளக்குக்கட்டை தவறான பிரைமர் காரணமாகக் கழன்றுவிடலாம் என்று 6,197 வண்டிகள் அழைக்கப்பட்டபோதும், பசையை மட்டும் நம்பாமல் கூடுதலாக ஒரு பிடிப்பு சேர்க்கப்பட்டது. உங்கள் வண்டியில் நிறுவனம் இப்போது தர விரும்பும் தீர்வு பழைய டேப்பின் மறுபதிப்பா, அல்லது ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மாறாத தீர்வை இன்னொரு முறை ஏற்றுக்கொள்வதால் யாருக்கும் பயன் இல்லை.

இது ஒட்டுப் பட்டைகளுக்கு மட்டுமே உரிய சங்கதியும் அன்று. ஃபோர்டு 2024 ஜனவரியில் 2011 முதல் 2019 வரையிலான எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில், அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 19 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூணை மூடியிருக்கும் வெளிப்பட்டையின் கிளிப்புகள் சரியாக மாட்டிக்கொள்ளாமல், பட்டை ஓட்டத்தில் கழன்றுவிடலாம் என்பது. டொயோட்டா 2023-இல் ஹைலேண்டர் வண்டிகள் சுமார் 7,51,000-ஐ முன்பம்பரின் கீழ் உறைக்காக அழைத்தது. இறுகிய பனிக்குவியலில் லேசாக இடித்தாலும் அதன் பிடிகாதுகள் விட்டுப்போகக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் பாதுகாப்புக் குறையாக எழுதப்பட்டிருக்கும் காரணம் ஒன்றே: கழன்ற பாகம் சாலையில் விழுந்து பின்னால் வருபவருக்கு ஆபத்தாகும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ, பெயின்ட் மங்குவதையும், வண்டியின் கட்டமைப்பைப் பாதிக்காத மேல்துருவையும் பாதுகாப்புக் குறையாகக் கருதுவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே “பட்டை அசிங்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது” என்று எழுதினால் அது அழகுப் பிரச்சினை. “நெடுஞ்சாலை வேகத்தில் பிரிந்து பறந்தது, பின்னால் வந்த இருசக்கர வாகன ஓட்டி விலகித் தப்பினார்” என்று எழுதினால் அது பாதுகாப்புப் பிரச்சினை. இரண்டும் ஒரே பட்டைதான்.

தீர்வே போதாது என்றால் அங்கே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப அழைத்துச் செய்த வேலை போதுமானதா என்று தனியாக விசாரிக்க அந்த நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. ரீகால் குவெரி என்பார்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் அச்சுப் போல்ட்டு முறியும் பிரச்சினைக்கு, 2022-இல் போல்ட்டை மாற்றாமல் மென்பொருளை மாற்றி, முறிந்தால் பார்க்கிங் பிரேக் தானே விழும்படி செய்தார்கள். உரிமையாளர்கள் புகார் எழுதினார்கள். 2023-இல் அப்படியொரு விசாரணை தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே போல்ட்டையும் புஷ்ஷையும் மாற்றித் தருவதாகப் புதிய அழைப்பு வந்தது. அது வெளிப்பாகம் அன்று என்பது தெரியும். ஆனாலும் குறையை விட்டுவிட்டு அதன் விளைவை மட்டும் அடக்கும் தீர்வு எப்படி மடக்கப்பட்டது என்பதற்காகச் சொன்னேன். அமெரிக்கச் சட்டத்தில், நியாயமான காலத்துக்குள் குறையைப் போதிய அளவு சரிசெய்யாவிட்டால் வண்டியை மாற்றித் தரவோ, தேய்மானம் கழித்துப் பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும் என்றும், வண்டியை ஒப்படைத்து 60 நாள் கடந்தும் சரியாகாவிட்டால் நிறுவனம் மறுத்து நிறுவாதவரை அதையே போதிய சான்றாகக் கொள்ளலாம் என்றும் இருக்கிறது. இந்தியச் சட்டத்தை நன்கறிந்த ஒருவர் அங்குள்ள நிலையைச் சொன்னால் நலம்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

டிட்ராய்ட் நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் மதுரையில் நுகர்வோர் வழக்குகள் நடத்தி வருகிறேன். ஜாப் கார்டில் “ரூஃப் நாய்ஸ்” என்று எழுதியிருக்கிறது என்றீர்களே, என் அனுபவத்தில் பாதி வழக்குகள் அந்த ஒரு வரியில்தான் சறுக்குகின்றன. சர்வீஸ் அட்வைசர் எழுதுவதை நாம் படிக்காமலே கையெழுத்திடுகிறோம். அதனால் முதல் வேலையாக, நடந்தது முழுவதையும் தேதி வாரியாக எழுதி, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பட்டை எழும்புவதாக நீங்கள் நேரில் சொன்னதையும், அது ஜாப் கார்டில் சத்தம் என்று மட்டும் பதிவானதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். படங்களையும் இணைத்துவிடுங்கள்.

கேம்பெய்னும் ரீகாலும் ஒன்றா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தன்னார்வ நெறிமுறை ஒன்று இருந்து வருகிறது. பாதுகாப்புக் குறைக்குத் தாங்களே முன்வந்து வண்டிகளை அழைப்பது அதன்படி நடந்தது. பிறகு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒரு வகை வண்டியிலுள்ள குறை, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும் என்றால், அதைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு ஆணையிடலாம். “சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்கள்” என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வந்த இருசக்கர வாகன ஓட்டி அதில் அடங்குவார். குறை ஒரு உதிரிபாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும் அழைக்கச் சொல்லலாம். நிறுவனம் தானாகவே குறையைத் தெரிவித்து அழைத்தால் அபராதம் கிடையாது. மறைத்து, பிறகு அரசு ஆணையிட்டு அழைக்க நேர்ந்தால், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 127-சியின்படி 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். உங்கள் வண்டி அந்த வரம்புக்குள் இருக்கிறது.

நிறுவனங்கள் ரீகால் என்ற சொல்லைத் தவிர்த்துச் சர்வீஸ் கேம்பெய்ன் என்று பெயரிடுவதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். பாதுகாப்புக் குறை என்று ஒப்புக்கொண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும்; தர மேம்பாடு என்று சொன்னால் வேண்டியதில்லை. ஆனால் வெளிப்பாகம் என்பதாலேயே ஒன்று பாதுகாப்புக்கு வெளியே போய்விடாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை தயாரித்த சில மோட்டார் சைக்கிள்களைப் பின்புற, பக்கவாட்டு ரிஃப்ளெக்டர்கள் வரையறுத்தபடி ஒளியைப் பிரதிபலிக்கவில்லை என்பதற்காக 2024-இல் தானே முன்வந்து அழைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் அது. ஊர்சுற்றி நண்பர் கவனிக்க.

மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் இணையதளத்தில் வாகன ரீகால் புகாருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வண்டிப் பதிவெண்ணைக் கொடுத்துப் புகாரைப் பதியலாம். இதில் ஒரு கசப்பும் உண்டு. கட்டாய அழைப்புக்கான நடவடிக்கை தொடங்க, அதிகம் விற்கும் கார்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் சேர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் எழுதிய புகாரை மற்றவர் இணையத்தில் படிக்க முடிகிறது. இங்கே உங்கள் மாடலுக்கு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை நீங்கள் எளிதில் அறிய வழியில்லை. விதி நல்லது, வாசல்தான் குறுகல் என்பது என் கருத்து. ஆனாலும் பதிவு செய்யுங்கள். சோதனை நிறுவனமோ வேறு எந்த மூலமோ தரும் தகவலின் பேரிலும் அரசு செயல்படலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

உங்கள் சொந்தப் பரிகாரத்துக்கு நுகர்வோர் சட்டமே பொருத்தம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தால் பல நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன. இறங்கி வராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருப்பூரிலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பதினோரு லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். டீலரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழி போட்டுத் தப்பிப்பார். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

வாரண்டி முடிந்துவிட்டது என்ற வாதத்தைப் பற்றி ஒன்று. நீங்கள் கேட்பது வாரண்டி வேலை அன்று. கேம்பெய்ன் என்று அவர்களாகவே அழைத்துச் செய்த வேலை குறைபாடானது என்பதே உங்கள் வழக்கு. சேவைக் குறைபாடு என்பது அதற்குரிய தலைப்பு. பிரைமர் இல்லை, கிளிப் மாற்றவில்லை என்பதற்குப் பட்டையே சாட்சி. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆகவே அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வண்டியையே மாற்றித் தரும்படி கேட்க வேண்டாம். உற்பத்தியிலேயே தீராத குறை இருப்பதை நிபுணர் சான்றால் நிறுவாமல் அத்தகைய உத்தரவு கிடைப்பது அரிது. இருபுறமும் புதிய பட்டை, புதிய கிளிப், சிராய்த்த இடத்துக்கு முறையான பெயின்ட், செய்த வேலைக்கு எழுத்துமூலமான உத்தரவாதம், நியாயமான இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். இதே மாடல் வைத்திருப்பவர்கள் சேர்ந்தால், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே நோக்கமுள்ள பலரின் சார்பாகவும் ஒரே புகாரைத் தாக்கல் செய்யலாம்.

அவிநாசிவாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இடப்பக்கப் பட்டையின் முனையையும் சோதித்தேன். விரல் நகம் உள்ளே நுழைகிறது. மின்னஞ்சல் அனுப்பிய மறுநாளே டீலரின் மேலாளர் தொலைபேசியில் அழைத்து, நல்லெண்ண அடிப்படையில் இலவசமாக ஒட்டித் தருவதாகவும், வண்டியைச் சனிக்கிழமை கொண்டுவரும்படியும், பழைய பட்டையையும் எடுத்து வரும்படியும் சொன்னார். வழக்கறிஞர் ஐயா, இப்போது வண்டியைக் கொடுத்தால் என் புகார் வலுவிழக்குமா?

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

இழக்காது, சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்குச் சாதகமே. தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள், அதில் “நல்லெண்ணம்” என்று அவர்கள் எழுதினால், கேம்பெய்ன் வேலை தோற்றதால் செய்யப்படும் மறுபழுது என்று நீங்கள் பதில் எழுதி வையுங்கள். ஜாப் கார்டில் “ஓட்டத்தில் பட்டை பிரிந்து விழுந்தது” என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். பழைய பட்டையை எடுத்துச் செல்ல வேண்டாம். கேட்டால் படம் அனுப்பினால் போதும். வேலை முடிந்ததும் திருப்தி அடைந்ததாக ஒரு படிவத்தை நீட்டுவார்கள், ஓடிபி கேட்டுக் கைப்பேசிக்கும் செய்தி வரும். வண்டியைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மட்டும் ஒப்பமிட்டு, திருப்தி என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

பட்டறை மேசை எழுதியது:

சனிக்கிழமை அங்கேயே நின்று பிரைமர் பூசுவதைப் பாருங்கள்; பார்க்க விடவில்லை என்றால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதிய கிளிப்பின் உறையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கழுவாமல் கொடுக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று நாளைக்கு நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம்.